கடைசி மாதவிடாய் தேதியை எப்போது கேட்பது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. பெங்களூரில் இருக்கும் உங்கள் சிறிய குழு, ஆனேகல் தாலூகாவிலும் ஓசூர் எல்லையோரக் கிராமங்களிலும் கர்ப்பிணிகளைப் பதிவு செய்கிறது. கடைசி மாதவிடாய் தேதியைக் கேட்டால் பாதிப் பேர் "சரியா ஞாபகம் இல்லைங்க" என்கிறார்கள். மீதிப் பேர் சொல்லும் தேதிகளோ 1, 10, 15 என்று ஒரே இடத்தில் குவிகின்றன. செல்போன் ஆப் ஒன்று செய்தால் இது சரியாகுமா, அல்லது எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு இந்தத் தேதியையே மறந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஆப்பா, ஸ்கேனா என்பதற்கு அடியில் இருக்கும் கேள்வியைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்: பக்கத்தில் மெஷின் இல்லாத ஊரில், இவள் இத்தனை வாரக் கர்ப்பம் என்று எந்த அளவுக்கு நம்பிச் சொல்லலாம்? நான் சமூக மருத்துவம் படித்தவள். பெங்களூருக்கு வெளியே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருஷம் இருந்தேன், அப்புறம் ஆஷா பணியாளர்களுக்கும் (ஊருக்குள்ளேயே இருந்து வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள்) ஏ.என்.எம். சகோதரிகளுக்கும் (துணைச் செவிலியர்கள்) பயிற்சி கொடுத்தேன். மகப்பேறு நிபுணரோ ஸ்கேன் நிபுணரோ அல்ல. ஆகவே ஒரு குறிப்பிட்ட பெண்ணின் பிரசவத்தை எப்போது முடிப்பது என்பது போன்ற முடிவுக்கு என் பதிலை ஆதாரமாக வைக்காதீர்கள்.

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெண்களின் ஞாபகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம் கேட்கும் நேரம்தான் தப்பு. நாள் தள்ளிப்போய், வீட்டில் உறுதியாகி, மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்து, நான்காவது மாதம் பதிவுக்கு வருகிற பெண்ணிடம், பதினைந்து வாரத்துக்கு முன்னால் ஒரு சாதாரண நாளில் நடந்ததைக் கேட்கிறோம். அன்று அது அவளுக்கு முக்கியமான நாளே இல்லை. நான்கு மாதம் முன்பு கேஸ் சிலிண்டர் எந்தத் தேதியில் வந்தது என்று உங்களைக் கேட்டால் நீங்களும் "ஒரு பதினைஞ்சாம் தேதி வாக்குல" என்றுதான் சொல்வீர்கள். தேதியை அவள் கர்ப்பம் ஆவதற்கு முன்பே, ஒவ்வொரு மாதமும், வந்த அன்றே குறிக்கச் செய்வதுதான் உண்மையான திருத்தம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வாரக் கணக்கில் ஏன் இத்தனை கறார் வேண்டும் என்று உங்கள் குழுவிலேயே சிலர் கேட்கக்கூடும். கணக்கு எளிது: கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். தேதியோடு 7 நாள் கூட்டி, ஒன்பது மாதம் தள்ளினால் போதும். நம் வீடுகளில் சொல்லும் பத்து மாசம், 28 நாள் மாதமாக எண்ணினால் மிகச் சரியாக இதுவே. 37 வாரம் முடியாமல், அதாவது 259 நாளுக்கு முன் பிறந்தால் குறைமாதம். 42 வாரம் தாண்டினால் நாள் கடந்தது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாக ஒரு குழந்தை பிறந்தால், அது சீக்கிரம் பிறந்ததா, வயிற்றுக்குள் வளர்ச்சி குன்றியதா என்று பிரித்துச் சொல்ல வாரம் தெரிய வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் கவனிப்பு வேறு. சட்டப்படி கருக்கலைப்புக்கான 20 வார, 24 வார எல்லைகளும் இதே கணக்கில்தான் நிற்கின்றன.

கணக்கு தெளிவில்லாத இடத்தில் நல்ல மருந்தும் எப்படிப் போகும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. குறைமாதப் பிரசவம் ஆகப்போகிறது என்றால் குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியை கிராமம் வரை கொண்டுபோனால் என்ன ஆகும் என்று, நம் பெல்காம், நாக்பூர் உட்பட ஆறு நாடுகளில் ஆக்ட் என்ற பெரிய ஆய்வு நடந்தது. 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது: சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை, மொத்தப் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு மூன்றரை அளவில் கூடியிருந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தை சிறியதாகவே பிறக்கவில்லை. பிறகு இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில், ஸ்கேன் வைத்து வாரத்தை உறுதி செய்துகொண்டு உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில் (2020) அதே வகை மருந்து உயிர்களைக் காப்பாற்றியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க வாரக் கணக்கால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்பத்திரி வசதி, தொற்று, குழந்தைப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்தது. ஆனால் வாரம் தெரியாமல் ஊசியைத் தூக்கக் கூடாது என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை.

இனி பிழை எங்கே நுழைகிறது என்று பார்க்கலாம். முதலாவது, கேள்வி. "கடைசியா எப்ப குளிச்சீங்க?" என்று நாசூக்காகக் கேட்பது நம் பக்கத்து வழக்கம். அவள் தலைக்குக் குளித்த நாளைச் சொல்வாள். அது மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ. நமக்கு வேண்டியதோ முதல் நாள். "எப்ப தள்ளிப்போச்சு?" என்று கேட்டால், வந்திருக்க வேண்டிய, ஆனால் வராத தேதியைச் சொல்வாள். நான்கு வாரம் போயிற்று. "எத்தனை மாசம்?" என்றால் சிலர் முடிந்த மாதத்தையும் சிலர் நடக்கிற மாதத்தையும் சொல்வார்கள். இரண்டாவது, உடம்பு. கரு ஒட்டும் சமயத்தில் சிலருக்கு வரும் லேசான கசிவை மாதவிடாய் என்று எடுத்துக்கொண்டால், நிறைமாதக் குழந்தை ஏட்டில் குறைமாதம் ஆகிவிடும். மறுபக்கம், 280 நாள் கணக்கு 28 நாள் சுழற்சியை, பதினான்காம் நாள் முட்டை வெளியாவதை வைத்துப் போட்டது. 35 நாளுக்கு ஒருமுறை வருகிற பெண்ணுக்குச் சுமார் ஒரு வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டாவிட்டால் "டேட் தாண்டிடுச்சு" என்று வலி வரவைக்கும் டிரிப்பும், சில சமயம் தேவையில்லாத சிசேரியனும் அவள் தலையில் விழும்.

பிழை இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் சராசரியில் அடிபட்டுப் போய்விடும் என்று தரவு பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. இங்கே அப்படி ஆகாது. உண்மையில் 38 வாரத்தில் பிறந்த குழந்தையின் தேதியில் பத்து நாள் பிசகினால், ஒரு பக்கம் 36 வாரம் 4 நாள் என்று குறைமாதப் பட்டியலில் சேரும், மறுபக்கம் நிறைமாதமாகவே நிற்கும். பெரும்பாலான குழந்தைகள் 37-லிருந்து 41 வாரத்துக்குள் பிறப்பதால், பிழையால் அந்த எல்லைக்கு வெளியே தள்ளப்படுகிறவை அதிகம், உள்ளே வருகிறவை குறைவு. உங்கள் பதிவேட்டில் குறைமாதமும் நாள் கடந்ததும் இரண்டும் சேர்ந்தே அதிகமாகத் தெரிந்தால், ஊரைச் சந்தேகிக்கும் முன் தேதியைச் சந்தேகியுங்கள்.

சரி, ஏற்கெனவே நான்கு மாதம் ஆகிவிட்ட பெண்ணிடம் என்ன செய்வது? காலண்டர் தேதி கேட்காதீர்கள், நாளைத் தேடுங்கள். நம் பெண்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: அந்த நாட்களில் கோயிலுக்குப் போகமாட்டார்கள், சாமி விளக்கு ஏற்றமாட்டார்கள். சரியோ தப்போ, அந்த வழக்கம் ஞாபகத்துக்கு ஒரு முளைக்குச்சி அடித்து வைக்கிறது. ஐப்பசி மாதம் என்று மட்டும் சொன்ன பெண்ணிடம் ஒரு ஏ.என்.எம். சகோதரி கேட்ட விதத்தை அப்படியே சொல்கிறேன். "தீபாவளி அன்னைக்கு வீட்டுல யாரும்மா சாமி கும்பிட்டது?" "எங்க ஓரகத்திக்கா. நான் தள்ளி இருந்தேன்." "முந்தின நாள் பலகாரம் சுட்டது?" "நான்தான். முறுக்கு சுட்டு முடிச்சு எண்ணெய்ச் சட்டியக் கழுவிட்டு வந்தேன், அப்பதான் வந்துச்சு." 2024 தீபாவளி அக்டோபர் 31. ஆக முதல் நாள் அக்டோபர் 30, பிரசவ நாள் 2025 ஆகஸ்ட் 6. நாலைந்து கேள்வி, பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சம்பள நாள், சந்தை நாள், ஊர்த் திருவிழா, வெள்ளிக்கிழமை, கார்மென்ட்ஸ் வேலைக்கு லீவு போட்ட நாள் எல்லாமே இப்படிப் பயன்படும். ஒன்றே ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நீங்களாக ஒரு நாளைச் சொல்லி "அதுக்கு முன்னாடியா பின்னாடியா" என்று விரட்டினால், மரியாதைக்காகத் தலையாட்டுவாள்.

எல்லையோரத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தமிழ் மாதம் சூரியக் கணக்கு, கன்னட மாதம் அமாவாசைக் கணக்கு. தமிழ்ப் பெண் "ஆடி" என்றால் கன்னடம் பேசும் ஆஷா "ஆஷாட" என்று எடுத்துக்கொள்வார், இரண்டிலும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கம் இருப்பதால் சந்தேகமே வராது. 2023-ல் கன்னட ஆஷாட மாதம் ஜூலை 17-ல் முடிந்தது, தமிழ் ஆடி அதே நாளில்தான் தொடங்கியது. முழுசாக ஒரு மாதப் பிழை. மாதப் பெயர் வந்தால் பண்டிகையையும் சேர்த்துக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்போது என் முக்கியமான பரிந்துரை: முன்கூட்டியே குறிப்பது. இது புதிய யோசனை ஒன்றும் அல்ல. வங்கதேசத்தின் வடமேற்கில் ஜீவிதா என்ற பெரிய ஆய்வுத் திட்டத்தில், திருமணமான பெண்களின் வீடுகளுக்கு ஐந்து வாரத்துக்கு ஒருமுறை போய், மாதவிடாய் வந்ததா என்று கேட்டு, வராதவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். ஆய்வுக்குப் பணமும் ஆளும் இருந்தது, உங்களுக்கு இருக்காது. ஆனால் வேலையின் அளவு பயப்படும்படி இல்லை. ஆயிரம் பேருக்கு ஒரு ஆஷா. ஆயிரம் பேரில் தகுதியுள்ள தம்பதிகள் (மனைவி பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள்) தோராயமாக 170 என்பது பொது சுகாதாரத்தில் வழக்கமாக எடுக்கும் கணக்கு. நம் தென்பகுதியில் இரண்டு குழந்தைக்குப் பின் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நிறைய. அவர்களைக் கழித்தால் புதுப்பெண்களும் ஒரு குழந்தைக்காரிகளும்தான் மிச்சம். ஆஷா கையில் இருக்கும் தகுதியுள்ள தம்பதிகள் பதிவேட்டிலேயே அந்தப் பெயர்கள் உண்டு.

கருவி எதுவாக இருக்கலாம் என்பதில் நான் காகிதத்தின் பக்கம். மளிகைக் கடையோ நகைக் கடையோ தரும் மாதக் காலண்டர் சமையல் கட்டில் தொங்குகிறது. பால் வராத நாளுக்குக் குறுக்குக் கோடு, சீட்டுக் கட்டிய நாளுக்கு வட்டம் என்று அதில் பெண்கள் ஏற்கெனவே கணக்கு வைக்கிறார்கள். முதல் நாள் அன்று அந்தக் கட்டத்தின் மூலையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் போதும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம், பேனா தேட வேண்டாம், பார்ப்பவர்களுக்குக் குழந்தை விளையாட்டாக ஒட்டியது போலத்தான் இருக்கும். தினசரி கிழிக்கும் காலண்டர் இதற்கு உதவாது, தேதியே அடுப்புக்குப் போய்விடும். சர்ஜாபூர் பக்கம் தகர ஷெட்டில் இருக்கும் கட்டட வேலைக் குடும்பங்களிடம் சுவர்க் காலண்டரை எதிர்பார்க்க முடியாது. அங்கே சுருக்குப் பையில் வைக்கும் சிறிய அட்டை. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக உருவாக்கிய 32 மணிகள் கொண்ட மாலை ஒன்றும் உண்டு, சிவப்பு மணியில் தொடங்கி நாளுக்கு ஒரு மணி வளையத்தை நகர்த்துவது. எத்தனையாவது நாள் என்று அது காட்டும், தேதியைக் காட்டாது, அதனால் நமக்கு அரை உதவிதான்.

ஆஷா மாதம் ஒருமுறை போகும்போது பொட்டு எங்கே என்று மட்டும் பார்க்கிறார். வர வேண்டிய நாள் தாண்டி ஒரு வாரம் ஆனால், கையில் இருக்கும் நிஷ்சய் கிட்டில் (சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் அரசு கிட்) பரிசோதனை. உறுதியானால் பொட்டு இருக்கும் தேதி அப்படியே தாயி கார்டில் (கர்நாடகத்தில் கர்ப்பிணிக்குத் தரும் அட்டை) ஏறுகிறது. இதில் தேதியைவிடப் பெரிய லாபம் இன்னொன்று: நான்காம் மாதத்துக்குப் பதில் ஆறாம் ஏழாம் வாரத்திலேயே கர்ப்பம் தெரிந்துவிடுவதால், ஸ்கேன் எடுக்க வேண்டிய சரியான காலம் கையில் இருக்கிறது.

ஸ்கேன் போதுமா என்ற கேள்விக்கு இங்கேதான் பதில். 14 வாரம் ஆவதற்குள், கருவின் தலையிலிருந்து பிட்டம் வரையிலான நீளத்தை அளந்து சொல்லும் வாரம்தான் இருப்பதிலேயே நம்பகமானது, பிசகு ஐந்து முதல் ஏழு நாள். இருபது வாரத்தை ஒட்டி எடுத்தால் ஏழு முதல் பத்து நாள். ஏழாம் மாதத்துக்கு மேல் மூன்று வாரம்கூடத் தவறலாம். காரணம், அப்போது மெஷின் அளப்பது குழந்தையின் பருமனை. வளர்ச்சி குன்றிய குழந்தையை "வயது கம்மி" என்று சொல்லிவிடும், குன்றியிருப்பதே மறைந்துபோகும். ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்டும் புதிதாக ஒரு பிரசவத் தேதியை அச்சடிக்கிறது, குடும்பம் கடைசியாக வந்ததைப் பிடித்துக்கொள்கிறது. விதி நேர் எதிர்: முதல் நல்ல ஸ்கேனோடு மாதவிடாய் தேதியை ஒப்பிட்டு ஒருமுறை முடிவு செய்தபின், அதற்குப் பிறகு வரும் ஸ்கேனுக்காகத் தேதியை மாற்றக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் என்று 2016-ல் பரிந்துரைத்தது, கிராமத்தில் அதுவே கிடைத்தாலும் நல்லது. மெஷினை ஊருக்குள் எடுத்துப்போகலாம் என்று மட்டும் திட்டமிடாதீர்கள். 1994-ன் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் கீழ் பதிவு, படிவம், இடம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு.

பொட்டு முறை சிலரிடம் பலிக்காது. தாய்ப்பால் கொடுக்கும்போது மாதவிடாய் திரும்பி வருவதற்கு முன்பே கருத்தரிப்பவர்கள், அந்தரா என்ற கருத்தடை ஊசி போட்டிருந்தவர்கள், சாயா என்ற கருத்தடை மாத்திரையால் நாள் தள்ளிப்போகிறவர்கள், நீர்க்கட்டியால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள். இவர்களுக்கு ஸ்கேன்தான் வழி. அதுவும் தாமதமானால் வயிற்றின் உயரம் (தொப்புள் மட்டத்தில் சுமார் 20 வாரம்), குழந்தை முதலில் துடித்தது தெரிந்த நாள் எல்லாம் கைகொடுக்கும், ஆனால் இரண்டு மூன்று வாரம் இப்படி அப்படி இருக்கும். பிறந்தபின் குழந்தையின் தோல், காது, கைகால் மடங்கும் விதம் பார்த்துக் கணிப்பதும் அதே தரம்.

ஆப் பற்றி எனக்குப் பாதி மனசுதான். தனிப் போன் வைத்திருக்கும் நகரத்துப் பெண்ணுக்கு அது நன்றாகவே உதவும். கிராமத்தில் போன் பெரும்பாலும் கணவன் கையில். அதோடு இந்த ஆப்கள் அடுத்த தேதியைத் தாமாகவே ஊகித்துக் காட்டும். ஊகித்ததும் உண்மையில் வந்ததும் ஒரே நிறத்தில் கலந்துவிட்டால், உங்கள் தரவில் சுத்தமான 28 நாள் சுழற்சிகள் வரிசையாக நிற்கும், ஒன்றும் நிஜமாக இருக்காது. ஆப் செய்தே தீருவீர்கள் என்றால் ஊகத்தைச் சேமிக்காதீர்கள்.

ஆள் உறவைப் பற்றியும் யோசியுங்கள். ஆஷா அதே ஊர்க்காரர், பல சமயம் சொந்தக்காரர். யாருக்கு எப்போது வந்தது, யாருக்கு வரவில்லை என்ற பட்டியல் அவர் நோட்டில் இருந்தால் மாமியார்கள் வரை போகும். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பெண்ணுக்கு அது சித்திரவதை. ஆகவே மாதாமாதத் தேதி அவள் காலண்டரிலேயே இருக்கட்டும், கர்ப்பம் உறுதியான பிறகு அந்த ஒரு தேதி மட்டும் ஏட்டுக்கு வரட்டும். பணமும் தேதியை வளைக்கும். பிரதமரின் தாய்மைத் திட்டத்தில் முதலில் இருந்த விதிப்படி, கடைசி மாதவிடாயிலிருந்து 150 நாளுக்குள் பதிவு செய்தால்தான் முதல் தவணை. 160-வது நாள் வருகிற பெண்ணுக்கு யாரோ ஒருவர் இரக்கப்பட்டுப் பதினைந்து நாள் தள்ளி எழுதியிருந்தால் எனக்கு அவர்மேல் கோபம் வராது, ஆனால் அந்தத் தேதியை நான் நம்பவும் மாட்டேன்.

அதனால் படிவத்தில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் சேருங்கள்: இந்தத் தேதி எப்படிக் கிடைத்தது? அன்றே குறித்தது, பண்டிகையை வைத்துக் கண்டுபிடித்தது, தோராயம், ஸ்கேன் (எத்தனையாவது வாரத்தில் எடுத்தது). தெரியவில்லை என்றால் "தெரியவில்லை" என்று எழுத அனுமதியுங்கள். காலியாக விடக்கூடாது என்று கணினி அடம்பிடிப்பதால்தான் பாதி 15-ஆம் தேதிகள் பிறக்கின்றன. அந்தக் கட்டம் தாயி கார்டிலும் பேனாவால் எழுதப்பட வேண்டும். வளைகாப்பு முடிந்து உங்கள் பெண்களில் பலர் திருவண்ணாமலைக்கோ தருமபுரிக்கோ தாய்வீடு போய்விடுவார்கள். அங்கே கிராம சுகாதாரச் செவிலியர் பிக்மி எண் (தமிழ்நாட்டின் கர்ப்பப் பதிவு எண்) கேட்பார், கன்னடத்தில் நிரப்பிய கார்டைப் புரட்டுவார், புரியாவிட்டால் ஏழாம் மாதத்தில் மறுபடி முதலிலிருந்து "கடைசியா எப்பம்மா?" என்று தொடங்குவார். அட்டையின் முன்பக்கத்தில் தமிழிலும் ஒரு வரி இருக்கட்டும்: முதல் நாள் இன்ன தேதி, அன்றே குறித்தது, இத்தனையாவது வாரத்தில் ஸ்கேன், பிரசவத் தேதி இது.